"படம்தானே" என்கிறார் கணவர்; எனக்கு நித்திரை வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 39. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் கணவரோடும் 13 வயது மகளோடும் இருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன், எல்லாரும் படுத்த பிறகு போனில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்தேன். அமெரிக்காவில் 1965இல் உண்மையாக நடந்த சம்பவம். தாய் தகப்பன் தொழிலுக்காக ஊர் ஊராகப் போவதால் அக்கா தங்கை இரண்டு பேரையும் ஒரு பெண்ணிடம் காசு கொடுத்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணும், அவளுடைய பிள்ளைகளும், அயல் பிள்ளைகளும் சேர்ந்து மூத்தவளைச் சித்திரவதை செய்தே கொன்றுவிடுகிறார்கள். கடைசியில் அவள் தப்பி ஓடுவதாகக் காட்டினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தப்பியது நிஜமில்லை என்று. அன்று தொடக்கம் நித்திரை இல்லை. சமைக்கும்போதும் அந்தப் பிள்ளையின் முகம் வருகிறது. மகளைத் தனியே ரியூசனுக்கு விடப் பயமாக இருக்கிறது. கணவர் "படம்தானே, விடுமப்பா" என்கிறார். இணையத்தில் தேடினால் பி.டி.எஸ்.டி., பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய் என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்திருப்பது அதுதானா? மகளும் உலகத்தை அறியட்டும் என்று அவளுக்கும் இந்தப் படத்தைக் காட்டலாமா? மேல் மாடியில் ஒரு பையன் அழுகிற சத்தம் கேட்டாலும் இப்போது நெஞ்சு படபடக்கிறது. தாய் குவைத்தில், பெரியம்மா அடிக்கிறா போல. முன்பெல்லாம் அது என்னை இவ்வளவு பாதித்ததில்லை.

— வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி மூன்று வரிகள்தான். ஆனால் மூன்று கிழமையாக நித்திரையில்லாமல் இருப்பவரிடம் நேரே அதைப் பேசத் தொடங்குவது சரியில்லை. முதலில் உங்களைப் பற்றிப் பேசுவோம்.

பி.டி.எஸ்.டி. என்ற சொல்லை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மனநல வைத்தியர்கள் நோய் தீர்மானிக்கப் பயன்படுத்தும் அமெரிக்கக் கைநூலின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. திரைப்படம், தொலைக்காட்சி, படங்கள் வழியாக மட்டும் கண்ட கொடுமை அந்த நோய்க்குக் காரணமாகக் கொள்ளப்படாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. தொழில் நிமித்தம் அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்க்க நேர்கிற பொலிஸார் போன்றவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. இதைச் சொல்வதால் உங்கள் வேதனை சின்னது என்று நான் சொல்லவில்லை. நெஞ்சிடி, நித்திரையின்மை, திரும்பத் திரும்ப வரும் அந்த முகம் எல்லாமே உண்மை. ஒரு பிள்ளை படும் பாட்டைக் கண்டு ஒரு தாயின் உடம்பு இப்படித்தான் பதறும். பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் இது மெல்லத் தணிந்துவிடும்.

அந்தத் தப்பி ஓடும் காட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பலருக்கு இந்தப் படத்தில் ஆறாமல் நிற்பது அடி உதையைவிட அந்த இடம்தான். அதுவரை இறுகிப்போயிருந்த உடம்பு, அவள் தாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கண்டதும் ஒரேயடியாகத் தளர்கிறது. கும்பிட்ட கை இறங்குவதற்குள் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நீங்களோ நடுச்சாமத்தில், பக்கத்தில் பேச ஒருவருமில்லாமல், கைக்கெட்டிய தூரத்தில் திரையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். படம் முடிந்ததும் யாரிடமாவது "ஐயோ, இப்படியும் செய்வினமா" என்று ஒரு வார்த்தை கதைத்திருந்தால்கூடப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்று கிழமையாக அதை இறக்கி வைக்க இடமில்லாமல் சுமக்கிறீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? முதலாவது, அந்த வழக்கைப் பற்றித் தேடி வாசிப்பதை நிறுத்துங்கள். கடிதத்தில் அப்படி எழுதவில்லை என்றாலும் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த நிலையில் வருகிற எல்லாரும் செய்வது அது. இன்னும் ஒரு விவரம் தெரிந்தால் மனம் ஆறும் என்று தோன்றும், ஆறாது. அந்த முகம் வரும்போது அதை விரட்டவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். ஒரு கணம் வரவிட்டு, பிறகு கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற ஒரு வேலையில் இறங்குங்கள். ஒக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கோரமான காட்சிகளைப் பார்த்தவர்களில், சிறிது நேரத்துக்குப் பின் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் அடுத்த நாட்களில் மனதில் வந்து விழுவது குறைந்திருந்தது. கண்ணால் பார்த்து உருவங்களைப் பொருத்துகிற வேலை, மூளையில் அந்தக் காட்சி பிடித்துக்கொள்ளும் இடத்தையே தானும் கேட்கிறது என்பது அவர்களின் விளக்கம். உங்களுக்குப் படம் பார்த்து மூன்று கிழமை ஆகிவிட்டதால் அந்த ஆய்வை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. ஆனாலும் கோலம் வரைவது, குரோசே பின்னுவது போன்றவை இந்த நேரத்தில் கை கொடுப்பதை என்னிடம் வருகிறவர்களிடம் கண்டிருக்கிறேன். வட்ஸ்அப்பில் செய்தி வாசிப்பது அப்படி உதவாது. இரவில் போனைப் படுக்கை அறைக்கு வெளியே வையுங்கள்.

இன்னொன்றை மெதுவாகக் கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டியதில்லை. உங்களுடைய சிறுவயதிலேயோ, ஊரிலிருந்து இடம்பெயர்ந்து உறவுக்காரர் வீடுகளில் இருந்த காலத்திலேயோ, யாருக்கும் சொல்லாத ஒன்று நடந்திருந்து, அதை இந்தப் படம் கிளறிவிட்டிருந்தால், கோலமும் குரோசேயும் போதாது. ஓர் உளவளத்துணையாளரையோ மனநல வைத்தியரையோ நேரில் பாருங்கள். வெள்ளவத்தைக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போக மனம் வராவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அப்படி ஒன்றும் இல்லாமலே இந்த மாதக் கடைசியிலும் நித்திரை வராவிட்டாலும் இதே வழிதான்.

மகளுக்குப் படத்தைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 13 வயதுக்கு அதிலுள்ள கொடுமை கூடிப்போனது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்தக் கதையில் பிள்ளைகள் வாய் திறந்தால் அடி கூடுகிறது, பெரியவர்கள் யாரும் வந்து காப்பாற்றவில்லை. சொல்லிப் பயனில்லை என்பதைத்தான் ஒரு பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் உங்கள் மகள் மனதில் பதிய வைக்க விரும்புவதோ இதற்கு நேர் எதிரானது. அவளோடு கதையுங்கள். எதிரே இருத்தி வைத்துப் பாடம் எடுக்காமல், குசினியில் வெங்காயம் உரிக்கும்போதோ ஓட்டோவில் போகும்போதோ கதையுங்கள். முகம் பார்க்காமல் இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாகப் பேசும். "உனக்கு ஒருவர் ஏதும் செய்தால், அவர் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், நான் உன்னை ஏசமாட்டன், முதலில் உன்னைத்தான் நம்புவன்" என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் மனதில் நினைத்துக்கொண்டிருப்போம், பிள்ளைக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்வோம். அதற்குத் தெரியாது. உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் யாரிடம் சொல்வாள் என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் ஆள் உங்களுக்குப் பிடிக்காத மச்சாளாக இருந்தாலும் பரவாயில்லை.

ரியூசனை மறிக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டோடு பழகுகிறவர்கள். தெருவை மூடி வைத்தால் அது தீராது. உள்ளே அடைத்து வைத்தால் மகள் உங்களுக்கு மறைக்கத்தான் பழகுவாள். நீங்கள் அழுததை அவள் கண்டிருப்பாள். "ஒரு படம் பார்த்தன், ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமை, மனசு கஷ்டமாப் போச்சு" என்று உண்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவர் "படம்தானே" என்கிறார். அவர் உங்களை ஆற்றத்தான் சொல்கிறார். ஆனால் அது படம் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்த ஆறுதல் ஒட்டவில்லை. நடந்தது இண்டியானாபொலிஸ் என்ற நகரில். 1965 ஜூலையில் அந்த இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மூத்தவளுக்கு 16 வயது. தங்கை போலியோவால் கால் பாதிக்கப்பட்டவள். தாய் தகப்பன் ஊர் ஊராகப் போகும் களியாட்டக் குழு ஒன்றோடு வேலை செய்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்குக் கிழமைக்கு 20 டொலர் என்று பேச்சு. அந்தக் காசு ஒரு தடவை பிந்தி வந்ததற்குத்தான் முதல் அடி விழுந்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி மூத்தவள் இறந்துபோனாள். அந்தப் பெண்ணுக்கு 1966இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1985இல் பரோலில் வெளியே வந்தாள்.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பெண்ணின் கொடூரத்தைவிட அயல்தான். அது காட்டுக்குள் இருந்த வீடு இல்லை. பக்கத்தில் வீடுகள், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்துபோகிற பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பிள்ளையின் கண் கறுத்து வீங்கியிருந்ததைத் தன் கண்ணாலேயே கண்டவர். ஒரு சுகாதாரத் தாதி வாசல்வரை வந்து, பிள்ளை வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்ற பதிலை நம்பித் திரும்பிப் போனார். கடைசி இரவு சத்தம் கேட்டுப் பொலிஸைக் கூப்பிடுவோமா என்று பக்கத்து வீட்டில் யோசித்தார்கள். விடியப்புறம் மூன்று மணியளவில் சத்தம் நின்றுவிட்டது. அவர்களும் விட்டுவிட்டார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒவ்வொரு துண்டு. ஒருவருக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓரிடம் தெரியவில்லை, அல்லது அது தன் வேலை என்று படவில்லை.

இனி மேல் மாடிக்கு வருவோம். முன்பெல்லாம் அந்தப் பையனின் அழுகை உங்களைப் பாதித்ததில்லை, படம் பார்த்த பிறகுதான் படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நோயின் அறிகுறியாக எண்ணி எழுதியிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. படத்தில் வருகிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நிற்கிற இடத்திலேயே நீங்களும் நிற்கிறீர்கள் என்று உங்கள் மனதுக்குப் புரிந்துவிட்டது. தாய் வெளிநாட்டில்; பிள்ளை இன்னொருவர் பொறுப்பில்; சுவருக்கு அப்பால் ஒரு சத்தம். 1965இல் இறந்துபோன பிள்ளைக்கு நீங்களோ நானோ இனி ஒன்றும் செய்ய இயலாது. மேலே இருக்கிற பிள்ளைக்குச் செய்யலாம்.

அந்தப் பெரியம்மா படத்தில் வந்தவளைப் போன்றவள் என்று நான் சொல்லவரவில்லை. அது தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தன் பிள்ளைகளோடு தங்கையின் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, குவைத்தில் இருந்து காசு பிந்துகிற மாதங்களில் திண்டாடுகிற ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். அப்படியானால் அவருக்கும் உதவி தேவை. இப்படிப்பட்ட படங்களில் எனக்கு உள்ள பெரிய மனக்குறையே, கொடுமை செய்பவரை ஓர் அரக்கியாகக் காட்டி, அதற்குக் குறைந்த எதையும் நம் கண்ணில் படாமல் ஆக்கிவிடுவதுதான். நம்மவரிடம் "அடியாத மாடு படியாது" என்ற பேச்சு இன்னமும் இருக்கிறது. பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டும், "எங்கட காலத்தில் அடி வாங்காமலா படிச்சனாங்கள்" என்கிற பெற்றோரை நான் ஒவ்வொரு கிழமையும் சந்திக்கிறேன். அந்தப் பழக்கம்தான் நம் காதை மந்தமாக்குகிறது. கண்டிப்பா, கொடுமையா என்று வரையறுக்கிற வேலை உங்களுடையது இல்லை. கேட்டதைச் சொல்வது மட்டும்தான் உங்களுடையது.

சொல்ல இடம் இருக்கிறது. பிள்ளைகளின் உடம்பில் உள்ள முறிவுகளும் காயங்களும் விழுந்ததால் வந்தவை இல்லை, அடித்ததால் வந்தவை என்று அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை வைத்தியரும் கூட்டாளிகளும் 1962இல் எழுதிய கட்டுரைதான் அங்கே கண்ணைத் திறந்தது. அதன் பிறகு 1967க்குள் அங்குள்ள எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் அறிவிக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. நமது நாட்டில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்குவது, வதைப்பது, கவனிக்காமல் விடுவது எல்லாவற்றையும் தனிக் குற்றமாக்கினார்கள். பெரியம்மாவும் அந்தச் சட்டத்துக்குள் வருவார், பெற்ற தாயும் வருவார். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டம் வந்தது. அந்தச் சபையின் இலக்கம் 1929. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம், பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்லாமலும் விடலாம்.

எடுப்பதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த மாடி, எந்த வீடு, பையனுக்கு எத்தனை வயது இருக்கும், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு என்ன சத்தம் கேட்டது, அடிக்கிற சத்தமா ஏச்சா, உடம்பில் தழும்பு ஏதும் கண்டீர்களா, பள்ளிக்கூடம் போகிறானா. "அடிக்கிறா போல" என்று நீங்கள் ஊகிப்பதையும் ஊகம் என்றே சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்வோம் என்று காத்திருக்க வேண்டாம். தேடிப் பார்ப்பதற்கென்றுதான் அவர்களும், பிரதேச செயலகங்களில் உள்ள சிறுவர் உத்தியோகத்தர்களும், பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவும் இருக்கிறார்கள். உங்களால் அந்தப் பிள்ளையை விடுதியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வரும். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பது நீதிமன்றம் வரை போகிற கடைசிக் கட்டம். அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் பாடசாலையில் விசாரிப்பதும் பெரியவர்களோடு கதைப்பதும் இருக்கின்றன. ஆனால் இப்போதே உயிருக்கு ஆபத்து என்று படுகிற மாதிரியான சத்தம் கேட்டால் யோசிக்காமல் 119க்கு எடுங்கள்.

மேலே போய்ப் பெரியம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். நீங்கள் இறங்கி வந்த பிறகு அந்த ஆத்திரம் பிள்ளையின் மேல்தான் விழும். சத்தத்தைப் பதிவு செய்து தொடர்மாடி வட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடவும் வேண்டாம். நாலு பேர் ஏசிவிட்டுப் போய்விடுவார்கள், அந்தப் பையன் வளர்ந்த பிறகும் அந்த வீடியோ இருக்கும்.

பையனை லிப்டில் கண்டால் சும்மா கதையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கிரிக்கெட் பற்றிக் கேளுங்கள். "பெரியம்மா அடிக்கிறவவோ" என்று கேட்க வேண்டாம். அவனாக ஒரு நாள் ஏதும் சொன்னால் முழுக்கக் கேளுங்கள், முகத்தில் பதற்றத்தைக் காட்டாதீர்கள், "சொன்னது நல்லது, உன்னில் பிழையில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். தோண்டித் தோண்டிக் கேட்கவும் வேண்டாம். நடந்ததைப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்ல வைப்பதே ஒரு பிள்ளைக்கு இன்னொரு வதை. அதனால்தான் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க 1999இல் நமது சட்டத்தில் இடம் கொடுத்தார்கள்.

கணவருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே வீட்டுக்குள் ஒளித்துச் செய்கிற காரியமாக இது இருக்கவேண்டாம். "அவையின்ர குடும்ப விசயம், எங்களுக்கு ஏன்" என்று அவர் சொன்னால், இண்டியானாபொலிஸில் மூன்று மணிக்குச் சத்தம் நின்ற கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவரும் ஒரு பிள்ளையின் தகப்பன்.

எடுத்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் அழைப்போடு எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உத்தியோகத்தர்களுக்கு வேலை அதிகம், ஒரு விஜயத்தில் பிடிபடாதும் போகலாம். ஒரு கிழமை பாருங்கள். அழுகை பழையபடி கேட்டால் திகதியையும் நேரத்தையும் எழுதி, அந்த இலக்கத்தைச் சொல்லி மறுபடி எடுங்கள்.